நூறும் நூறும்

சிக்னல் ஜெனரேட்டரின் கண்ணாடியில் ஒன்று.
ஸ்கோப்பின் திரையில் இரண்டு.
குளச்சலில் அன்று மின்சாரம் மூன்று முறை போய் வந்திருந்தது;
எதையும் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.
நான் ஸ்கோப்பை நம்பினேன்.
அது புதிது. தவணை இன்னும் பாக்கி.

"பாதியாகக் குறைத்து வை" என்று சீட்டு எழுதி
ஜெனரேட்டரின் நெற்றியில் ஒட்டினேன்.
சீட்டு சொன்னபடி எட்டு மாதம்.

விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகள்
மீன்வாடையோடு மேசைக்கு வரும்.
ஒவ்வொன்றின் காதிலும் மெல்லிய சத்தம் ஒன்றை விட்டு
கேட்கிறதா என்று பார்ப்பேன்.
ஒவ்வொன்றும் கொஞ்சம் மந்தம்.
உப்புக்காற்று, என்று சொல்லிவந்தேன்.

ததேயுவிடமும் அதையே சொன்னேன்.
"நல்லாத்தான கேட்டுது டெல்பின் எக்கா,
கொல்லத்துக்காரன் தும்முனாக்கூட கேக்கும்."
நான் சிரித்துக்கொண்டே
சுருளின் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத்
திருப்பிக்கொண்டு போனேன்,
உள்ளே அது டிக்கென்று உடையும்வரை.
வேறொரு செட்டில் கிடந்த பழையதைக் கழற்றிப் போட்டு
கூலி வாங்காமல் கொடுத்தனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை, துறைமுகத்தில் நெய்மீன் ஏலம்.
எண்ணூறு எண்ணூறு என்று தொண்டை கிழிகிறது.
கூடையை யாரும் தொடவில்லை.
தொடாதவரை எண்ணூறு எண்ணூறாகவே நின்றது.
ஒருவன் வந்து கூடையை இழுத்த பிறகுதான்
விலை இறங்கி உட்கார்ந்தது,
நானூறில்.

சாளை வாங்க வந்தவள் வாங்காமல் கடைக்குத் திரும்பினேன்.

இந்த ஸ்கோப் எதையும் எடுப்பதில்லை.
பத்து லட்சம் ஓம்.
கூடையைச் சுற்றி நின்று பார்க்கிற கூட்டம்.
ஜெனரேட்டரோ தன் வயிற்றில் ஓர் ஐம்பது ஓமை வைத்திருக்கிறது;
எதிரேயும் ஓர் ஐம்பது இருக்கும் என்று எண்ணி
பாதி உள்ளே விழும், பாதி போய்ச் சேரும் என்று கணக்கிட்டு
ஒன்று என எழுதிக் காட்டுகிறது.
எடுக்க ஆளில்லையென்றால்
இரண்டும் விழாமல் நிற்கும்.
பொய் சொன்னவர் யாருமில்லை.

வேகம் கூடும்போது இன்னொன்றும் நடக்கும்.
கேபிளின் முனைவரை போன அலை
வாங்குவாரில்லாமல் வந்த வழியே திரும்பி
பின்னால் வருகிற அலையின் மேல் ஏறும்.
தூண்டில் வளைவின் கற்களுக்கு முன்னால்
வள்ளம் கிடந்து ஆடுவது அப்படித்தான்.
நீண்ட மணல்சரிவில் அந்த ஆட்டம் இல்லை,
மணல் அலையைக் குடித்துவிடுகிறது.

எனக்கு ஐம்பது ஓம் மணல் வேண்டும்.

வேப்பமூட்டுக் கடைக்குப் போன் செய்தேன்.
"நாப்பத்தேழு இருக்கு, அம்பத்தொண்ணு இருக்கு,
சரியா அம்பது எங்கயும் கெடைக்காது."
நூறு?
"எத்தனை வேணும்?"

இரண்டு நூறுகள்.
கால்களை ஒட்ட நறுக்கி
பி.என்.சி. முனைக்குள் நெருக்கி வைத்து ஈயம் வைத்தேன்.
ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்தியிருந்தால் இருநூறு ஆகியிருக்கும்.
பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஐம்பது.
புன்னைக்காய் அளவுகூட வராத தொப்பி.

ஸ்கோப்பின் வாயில் மாட்டியதும்
திரையில் நின்ற மலை பாதியாய்த் தாழ்ந்தது.
இங்கே ஒன்று.
அங்கேயும் ஒன்று.

விசில் அடிக்க வாயைக் குவித்தவள்
அடிக்கவில்லை.

செட்டுகளின் ஆண்டெனா வாயிலும் ஐம்பதுதான்.
அவை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தன,
நான்தான் சீட்டைப் பார்த்துப் பார்த்து
பாதிச் சத்தம் கொடுத்துவிட்டு
முழுசாய்க் கேட்கவில்லை என்று திருகினேன்.

நோட்டில் பதினான்கு படகுகள்.
பதின்மூன்று பேருக்கு நாளைக் காலையில் போன்.
ததேயு கடலுக்குப் போய்ப் பத்து நாளாகிறது.
சங்கத்து வயர்லெஸில் கூப்பிடச் சொல்லலாம்;
கூப்பிட்டால் அவனுக்குக் கேட்குமா என்பது
நான் போட்டுக் கொடுத்த திருகின் கையில் இருக்கிறது.

சீட்டை நகத்தால் உரித்தேன்.
தாள் வந்தது, பசை வரவில்லை.
பசையில் ஒட்டிய மையில்
"பாதி" மட்டும் தலைகீழாய் இன்னும் தெரிகிறது.
தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும்.