தாமதப் பதிவேடு

எட்டு மணிக்கு மேல் வருகிறவன்
என் மேசைக்கு வந்து காரணம் எழுத வேண்டும்.
பதினொரு வருடக் காரணங்கள் என்னிடம் இருக்கின்றன.
நாய் ஓடிவிட்டது. டை கிடைக்கவில்லை.
ஒருமுறை ஆஷர் பெல்ட்ரமி, 'இறைவனின் சித்தம்.'
சிரித்துவிட்டுத்தான் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

நியூ பெட்ஃபோர்டில், துறைமுகம் தெரிகிற மேட்டில்,
ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளி.
மறைமாவட்டம் ஒரு டாலர் தராது.
கூரை ஒழுகினால் குலுக்கல் சீட்டு விற்போம்.
சம்பளம் கட்டியவனுக்கு நீல பிளேசர்,
கட்டாதவனுக்கு
மிகவும் மரியாதையாக ஒரு கடிதம்.
அதையும் நான்தான் டைப் அடிக்கிறேன்.

டுவார்ட்டே மெடெய்ரோஸ், பத்தாம் வகுப்பு.
அவன் காரணம் எப்போதும் ஒன்றே:
தூங்கிவிட்டேன்.
தூங்கினவன் கண் அப்படி இருக்காது.
எலுமிச்சை சோப்புக்கும் மசியாத வாடை,
மணிக்கட்டில் அவன் கவனிக்காத ஒரு செதில்.
மாமாவின் மீன் கொட்டகையில்
மூன்றரைக்கே விளக்கெரியும்.
பதினைந்து வயதுக்கு அந்த வேலை கூடாது,
அதனால்தான் தூங்குகிறான்.

ஐந்து தாமதத்துக்கு ஒரு சனிக்கிழமை
பள்ளியில் உட்கார வேண்டும்.
சனிக்கிழமை கொட்டகையில் ஒன்றரைக் கூலி.
நாலு முறை தூங்கியாயிற்று.

விபூதிப் புதன்.
பூசை முடிந்து நானூறு நெற்றி
சாம்பலோடு படியேறிப் போன பிறகு
வெறும் நெற்றியோடு அவன்.
பேனாவுக்குக் கை நீட்டினான்.
'இரு, நான் எழுதுகிறேன்' என்றேன்.
எழுதினேன்: பஸ்.

பிரதர் கிளெட்டஸ் வந்தார்.
பக்கத்தில் விரலை ஓட்டி நிறுத்தினார்.
'ஒன்பதாம் நம்பரா?'
'ஒன்பதுதான்.'
'நின்றுவிட்டதா?'
'பாலத்தில், பிரதர்.'
பையனைப் பார்த்தார், அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.
தன் நெற்றிச் சாம்பலைக் கட்டைவிரலால் தொட்டு
மீதி இருந்ததில் அவனுக்கொரு சிலுவை வரைந்தார்.
கோணல் சிலுவை.
'போ, லத்தீன் ஆரம்பித்தாயிற்று.'
பிறகு என்னிடம்,
'அந்த பஸ் மோசம்தான்.'

காலையில் அதே ஒன்பதில்
எனக்கு முன் சீட்டில்
குறட்டை விட்டுக்கொண்டு வந்தவர் அவர்.

அவருக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு,
வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிடுவார்.
நான் அந்த மதமில்லை.
என்னுடையது நீல மையில்
பதிவேட்டிலேயே கிடக்கிறது.
பக்கத்தில் ஒட்டியிருந்த செதிலை
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
காகிதம்தான் கொஞ்சம் வந்தது.