ஆச்சரியக்குறிக்குப் பின்னால்

எங்கள் உலை ஒரு குவார்ட்ஸ் உருண்டை,
சின்ன ஆரஞ்சுப் பழம் அளவு.
ஹீலியத்தில் கலந்த விமான எரிபொருள்
நான்கு ஊசித்துளை வழியே உள்ளே சீறும்.
சுடர் கிடையாது.
எரியுமுன் அது என்ன யோசிக்கிறதென்று
ஒட்டுக்கேட்கிறோம், அவ்வளவுதான்.

கெரோசினுக்குள் ஆயிரம் பேர் குடித்தனம்.
எல்லோரையும் கணினி தாங்காது.
ஆகவே ஆள்மாறாட்டம்:
டெக்கேன், ஐசோஆக்டேன், வால் முளைத்த ஒரு பென்சீன் வளையம்.
மூவர் வந்து ஆயிரம் பேருக்கும் கையெழுத்திடுவார்கள்.
அந்த மூவருக்கே எட்டாயிரத்துச் சொச்சம் வினைகள்.

ஸொலேனுக்கு எழுநூறு கெல்வின் பக்கம் மட்டும்
கணக்கு உதைத்தது.
அங்கே எரிபொருளுக்கு ஒரு வீம்பு,
சூடேற்ற ஏற்ற மந்தமாகும்.
சற்றுமுன் பற்றிய ஆக்சிஜனின் கையை
சூடு பொறுக்காமல் உதறிவிடும்.
கிளைக்க வேண்டிய சங்கிலி கிளைக்காது.
இன்னும் நூறு டிகிரி போனால்
ஒன்றும் நடவாததுபோல மூண்டுகொள்ளும்.
அளந்த புள்ளிகள் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறின.
எங்கள் கோடோ
பள்ளத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனது.

பிப்ரவரி முழுக்க ஓர்லெயானில் மழை.
லுவார் ஆறு நடைபாதைவரை வந்து நின்றது.
மேலே போன விமானங்கள்
எங்கள் கோட்டுக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

வினைக்கோப்பில் வரிவரியாக இறங்கினாள்.
ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது வரி:
ஒரு ஹைட்ரஜன்
தன் மூலக்கூறுக்குள்ளேயே இடம் மாறும் வினை.
கீழே ஆச்சரியக்குறி போட்டு
அன்ஸெல்ம் எழுதியிருந்தான், பதினோரு ஆண்டுக்கு முன்:
“குத்துமதிப்பு. திங்கட்கிழமை சரிபார்க்கணும்.”

ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியைக்
கணினி படிப்பதில்லை.
ஆளுக்கு ஆள் விட்டுப்போகும் சீட்டு அது.

அவன் இப்போது லோரியாங்கில்
பாய்மரப் படகுகளுக்கு வண்ணம் அடிக்கிறான்.
போனில் சிரித்தான்:
“எந்தத் திங்கள்?”

எண்ணை மும்மடங்காக்கிப் பார்த்தாள்.
கோடு பள்ளத்தில் இறங்கியது,
புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு,
முன்பே வழி தெரிந்த மாதிரி.
நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.
“உட்கார். பொருந்துகிறது,
அதற்காக உண்மையாகிவிடுமா?” என்றாள்.

கட்டுரைக்கு இன்னும் ஆறு நாள்.
அளக்க ஆறு மாதம்.

மும்மடங்கு எண்ணை அப்படியே விட்டாள்.
அன்ஸெல்மின் வரியை அழிக்கவில்லை.
அதன்கீழ் இன்னோர் ஆச்சரியக்குறி:
“பொருத்தியது. அளந்ததில்லை. ஸொ.”

கிழமை எதுவும் எழுதவில்லை.