கணுக்கால்

சனிக்கிழமை காலை ஏழரை.
வெளியே வடக்கு டகோட்டாவின் காற்று
கார் கண்ணாடிகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது.
என் மேசைமேல் வந்து விழும் முதல் பாதம்
ஹூக்கொமுடையது. சென்டர்.
குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பவன்.
மற்ற நால்வரும் அதைத் தொடுவதேயில்லை.

முகம் பார்த்து இவர்களை நான் அறிந்ததில்லை.
துய்மாவாவேயின் குதிகாலில் பிறை போல ஒரு தழும்பு.
போல்க்குக்குக் கூச்சம், டேப் வைத்தாலே சிரிப்பான்.
ஸ்ட்ராண்டின் சுண்டுவிரல் இரண்டு முறை முறிந்து
தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கும்.
ரஸ்முசனுக்கு வலது கணுக்கால், எப்போதும் வலது,
ஒரு சுற்று கூடுதலாக.

உள்ளூர்ச் செய்தித்தாள் கூட்டிப் போட்டிருந்தது:
ஐந்து பேரும் முதல் ஆளாக இறங்கிய ஆட்டங்கள்
மொத்தம் நூற்று முப்பத்தொன்பது.
அனுபவம் என்று அதற்குத் தலைப்பு.
அந்த எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது என்றால்,
எதிராளி பக்கம் மாறிப் பாயும்போது
ஹூக்கொம் வாய் திறக்க வேண்டியதில்லை;
முழங்கையால் ஒரு இடி,
ரஸ்முசன் ஏற்கனவே அங்கே நிற்பான்.

அடுத்த வரி: அணிக்கு ஆழமும் உண்டு.
அந்த ஆழத்தின் பெயர் எமெரி நோவாட்னி.
பயிற்சியாளர் அறைச் சுவரில் ஐந்து கட்டங்கள்,
ஐந்திலும் இரண்டாம் வரியில் அதே பெயர்.
ஆழத்துக்கு அன்று காலை சளி பிடித்திருந்தது.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு காலை நீட்டினான்.

மூன்று வருடமாக ஒவ்வொரு சனியும் கட்டுகிறேன்.
மாலையில் கத்தரித்து எடுக்கும்போது
இவன் டேப் மட்டும்
சுருளில் இருந்து இறங்கிய அதே வெள்ளை.
குப்பைக்கூடையில் தனியாகத் தெரியும்.
நானே அதை மற்றவற்றின் அடியில் தள்ளிவிடுவேன்.

மூன்றாவது கால்பகுதி. குவியலுக்குள் இருந்து
ரஸ்முசன் எழவில்லை.
ஓடினேன். கூடுதல் சுற்று என்ன செய்துவிடும்,
பாதம் பார்க்கக் கூடாத திசையைப் பார்த்தது.
நான் கட்டியதை நானே வெட்டினேன்.
பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ
புல்லில் கறை படாமல் கடந்து போயிற்று.

அப்புறம் நடந்தது எனக்குக் காதால்தான் தெரியும்.
முதலில் விசில். ஒலிபெருக்கியில் நடுவரின் குரல்:
முந்தி அசைந்தது, எண் அறுபத்தாறு, ஐந்து கெஜம் பின்னே.
வரிசையில் நிற்பவனை ஊருக்குச் சொல்வது
தப்பு செய்தால் மட்டும்தான்,
அதுவும் எண்ணாக.
பிறகு நெடுநேரம் அறுபத்தாறை யாரும் சொல்லவில்லை.
கூட்டம் இருமுறை எழுந்து கத்தியது.
ரஸ்முசன் பல்லைக் கடித்தபடி கேட்டான்,
"எந்தப் பக்கம் ஓடினார்கள்?"
"இடது பக்கம்" என்றார் தூக்குப்படுக்கை பிடித்தவர்.
தன் இடம்.
அவன் கண்ணை மூடிக்கொண்டான், மகிழ்ச்சியா என்று
நான் கேட்கவில்லை.

மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

மாலை, அறையில் ஈரத் துணியின் வாடை.
நோவாட்னியின் டேப் கத்தரிக்கு வளையவில்லை.
சேறும், பச்சையும், யாருடையதோ ரத்தமும் காய்ந்து
ஓடு போல இறுகியிருந்தது.
இரண்டு கையாலும் பிளந்தேன்.
"வேண்டுமா?" என்றேன்.
கொஞ்சம் யோசித்தான். மூக்கை உறிஞ்சினான்.
"நாறுகிறது, எறிந்துவிடு."

செவ்வாய்க்கிழமை சுவரில் புதுத் தாள்.
நூற்று முப்பத்தொன்பதில் இருபத்தேழு போய்
நூற்றுப் பன்னிரண்டு.
இடது கார்டு கட்டத்தில் நோவாட்னி முதல் வரிக்கு ஏறிவிட்டான்.
அவன் ஏறியதால் ஐந்து கட்டத்திலும்
இரண்டாம் வரி காலி.
ஒன்றில் மட்டும் பென்சிலால் ஏதோ ஒரு பெயர்,
எழுத்துப் பிழையோடு.
அந்தக் கணுக்காலை எனக்கு இன்னும் தெரியாது.