வருகைப் பதிவேட்டின் பின்பக்கம்

புல எண் இருநூற்றுப் பதினாலு.
மூன்று ஏக்கர் நாற்பது சென்ட்.
பேரையூர் ரோட்டிலிருந்து பார்த்தால்
முள்ளும் சுக்கான் கல்லும்.
அதில்தான் தின்கிற காடு வைக்கப்போகிறோம் என்று
ரேஷன் கடை நிழலில் கூடியிருக்கிறோம்,
நிழல் நகர நகர
நாங்களும் நகர்ந்துகொண்டு.

நூறு நாள் வேலைக்கு நான் பொறுப்பு.
கையில் இருந்த காகிதம் வருகைப் பதிவேடு ஒன்றுதான்.
பின்பக்கம் கோடு இழுத்து
'பெயர்' என்கிற கட்டத்தில்
மரத்தை எழுதத் தொடங்கினேன்.

தென்னை, என்றார் ஒச்சுக்காளை.
தண்ணி? என்றாள் இருளாயி.
ஒட்டு மா, என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
தண்ணி?
பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாருமே
அறுநூறு அடி போர் போட்டுப்
புழுதி பார்த்தவர்கள்.

அதன் பிறகுதான் வந்தன,
யாரும் கேட்காமலே இந்தப் பக்கம் முளைக்கிற பெயர்கள்.
இலந்தை. விளா. கொடுக்காப்புளி.
ஓடை திரும்புகிற இடத்தில் நாவல், நாலே நாலு.
வேலிக்குக் களாக்காய், அதன்மேல் கோவை, காலடியில் பிரண்டை.
முருங்கை வேணாம், ஆடிக் காத்துக்கு ஒடிஞ்சிரும், என்றார் ஒருவர்.
ஒடிஞ்சா அதையும் நட்டு வை,
ரெண்டாயிரும், என்றாள் இருளாயி.

கொத்தனார் அந்தோணிராசு
டியூப்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தான்.
அன்றைக்கு அந்த நிலத்தில் இருந்த மொத்தத் தண்ணீரும்
அந்தக் குழாய்க்குள்தான்.
ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம்.
மட்டம் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு தூவினான்.
வரப்பு கோணலா வருதேடா, என்றோம்.
தண்ணிக்கு எது நேரோ
அதான் நேரு, என்றான்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது
என்பதில் மட்டும் சண்டையே இல்லை.
கை தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள்.
கடைசியில் மொக்கையன் எழுந்தார்.
முழங்கை வரைக்கும் கரி.
"மூட்டம் போடுறவன் நான்.
எம் மக நர்ஸ் படிப்புக்கு இந்த முள்ளுதான் கட்டுது.
என்னைய எந்தக் கட்டத்துல எழுதுவீக?"

நிழல் வாய்க்காலைத் தாண்டிப் போயிருந்தது.
ஒருத்தரும் நகரவில்லை.

வெயிலில் உட்கார்ந்தே பேசினோம்.
வருசத்துக்கு ஒரு வரிசை வெட்டுவது.
களாக்காய் இடுப்புயரம் வரும்வரை
வெளிச்சுற்று முள் அப்படியே நிற்பது.
கன்றுக்கு நிழலாக நடுவில் கொஞ்சம்.
வெட்டுகிறதெல்லாம் மொக்கையனுக்கு,
குழிக்குக் கரித்தூள் அவர் தருவது.
மூட்டைக்கு எவ்வளவு? என்றார் மொக்கையன்.
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்:
கரித்தூள், மூட்டை நாற்பது ரூபாய்.

பழுத்தா யாருக்கு?
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒன்று
சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றிக் கேட்டுவிட்டுப் போனது.
ஏலம் விடணும். விடக்கூடாது.
விழுந்தது பிள்ளைகளுக்கு, பறிச்சது ஊருக்கு.
கல்லெறிஞ்சு விழுந்தா?
அதைத் தீர்க்காமலே எழுந்தோம்.

பங்குனியில் குழி, ஐப்பசியில் கன்று.
நடுவில் ஏழு மாதம்
குழிகள் சும்மா கிடந்து வெயில் வாங்கும்.
பதிவேட்டில் 'கையெழுத்து' என்ற கட்டம்
இலந்தைக்கு நேரே, விளாவுக்கு நேரே
காலியாகக் கிடக்கிறது.
'வந்த நாள்' கட்டமும்.

டியூப்பைச் சுருட்டும்போது அந்தோணிராசு நின்றான்.
இந்தத் தண்ணிய எங்க ஊத்த?
கால் லிட்டர் இருக்கும்.
ஆளுக்கொரு பக்கம்
கை காட்டினோம்.