பத்தாவது பொருத்தம்

ஊத்தான் மெலிந்தாங். சோங்கின் பட்டறை மாடி.
கீழே வெல்டிங் பொறி பறக்கிறது,
மேலே நான், ஒரு மின்விசிறி,
ஆடை படிந்த தேத்தாரே,
திரையில் ஒரு கை.

மண்ணில் கிடக்கும் செம்பனைக் குலையை அள்ளி
டிராக்டர் தொட்டியில் போடவேண்டிய கை.
தோள், முழங்கை, ஐந்து நகம், ஆணி, வளையம்,
நாற்பத்தொரு உருப்படி
ஒன்றையொன்று தெரியாமல் மிதக்கின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஆறு விடுதலை:
முன்பின், இடவலம், மேல்கீழ் நகரலாம்,
அந்த மூன்று அச்சிலும் சுழலலாம்.
அவற்றைப் பறிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் டிராக்டரின் சட்டத்தைத் தரையில் அறைந்துவிடுகிறேன்.
மறந்தால், தோளை இழுக்க
வண்டியே கூட வரும்.

தோளுக்குக் கீல்.
ஒரு துளையின் நடுக்கோடு
மறு துளையின் நடுக்கோட்டைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது.
ஐந்து போயிற்று. மிச்சம் ஒரு சுழல்.
ஹைட்ராலிக் தண்டுக்குச் சறுக்கு:
குழலுக்குள் போகலாம், வரலாம், அவ்வளவுதான்.
இப்படியே ஒன்பது.
இருக்கட்டுமே, இன்னும் கொஞ்சம் உறுதியாக, என்று
இந்தத் தகட்டை அந்தத் தகட்டுக்கு இணையாக்கினேன்.

பட்டியல் முழுக்கச் சிவப்பு.
இழுத்தேன். அசையவில்லை.
குறுக்கே கிடக்கும் காடு என்று
எங்கள் ஊர்ப் பெயருக்கு அர்த்தம்.
காட்டை அழித்தாயிற்று,
குறுக்கே கிடப்பதுதான் என் திரைக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது.
ஜோசியர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.
இப்போது எங்கள் வீட்டு நடு அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

பத்தாவதை அழித்தேன்.
கை எழுந்தது.

எழுந்து, திரும்பி,
இருக்கையில் இருந்த மனிதனின் மார்புக்குள் புகுந்து
முதுகு வழியாக வெளியே வந்து
குலையைப் பத்திரமாகத் தொட்டியில் வைத்தது.
மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மோதுகிறதா என்று நாமாகக் கேட்டால்தான் சொல்லும்.
முகமில்லாத அந்த மனிதன், நூற்றெழுபத்தைந்து சென்டிமீட்டர்,
மென்பொருளோடு இலவசமாக வந்தவன்,
விசைக்கோலைப் பிடித்தபடி நேராகவே உட்கார்ந்திருந்தான்.
தோளின் சுழலுக்கு எல்லை போட்டேன்: எழுபத்திரண்டு பாகை.
நகம் அவன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.
போதும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து டிராக்டரும்
அதை ஓட்டும் ரொஃபிகுலும் வந்தார்கள்.
ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு.
மரக்கட்டையில் விசைக்கோல் செய்து வைத்து
பிடிக்கச் சொன்னேன்.
"தாக் சம்பாய், காக்."
எட்டவில்லை அக்கா.
பிறகு எட்டிப் பிடித்தார்.
எட்டுவதற்காக இடுப்பிலிருந்து குனிந்தார்,
குனிந்ததில் தலை போய் நின்ற இடம்
என் நகம் நிற்கும் இடம்.

டேப்பை எடுத்தேன்.
தோளிலிருந்து உள்ளங்கை வரை, ஐம்பத்தாறு.
முழங்காலிலிருந்து குதிகால், நாற்பத்தொன்று.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
சட்டை தைக்கிறார்கள் என்பதுபோல.
ஊருக்கு எப்போது போவீர்கள் என்று சும்மா கேட்டேன்.
பாஸ்போர்ட் தோட்ட ஆபீஸ் பெட்டியில் இருக்கிறது என்றார்.
இடது கையை அளக்கவில்லையே என்றார்.
அளந்தேன். ஐம்பத்தேழு.

மாடியில் பழைய மனிதனை நீக்கினேன்.
புது உருவைச் சேமிக்கப் பெயர் கேட்டது;
ரொஃபிகுல் என்று அடித்தேன்.
விசைக்கோலைப் பத்தொன்பது சென்டிமீட்டர் உள்ளே இழுத்தேன்.
தோளின் எல்லை ஐம்பத்தெட்டு.
மோதுகிறதா என்று இந்த முறை கேட்டேன்,
ஒவ்வொரு பாகையிலும் கேட்டேன்.

உருவை இருக்கையோடு பொருத்தவேண்டும்.
எல்லாவற்றையும் பூட்டும் பொத்தான் முதலில் இருக்கிறது,
எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள்.
நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு இடுப்புக்கு ஒரு கீல் வைத்தேன்,
முன்னால் முப்பது பாகை,
வண்டியிலிருந்து இறங்கப் பக்கவாட்டில் ஒரு சுழல்.

கீழேயிருந்து சோங் கத்தினார்:
தகடு வந்துவிட்டது, எத்தனை மணிக்கு வெட்டலாம்?