சிவப்பு மூடி

டாக்டர் காட்டியது தண்ணீர் பாட்டிலின் மூடி.
இடது கண்ணைப் பொத்தச் சொன்னார்.
சிவப்பு, என்றாள்.
வலதைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பழைய சிவப்பு. வெயில்ல ரொம்ப நாள் காயப்போட்ட சேலை மாதிரி."

சுகிர்தாவுக்குப் பதிமூன்று வயது.
ஸ்கேன் படத்தில் மூளைக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்,
பலகையில் மைதா தூவியதைப் போல.
நான் ஆரப்பாளையத்தில் பரோட்டா மாஸ்டர்.
எனக்கு வேறு உவமை வராது.

ரிப்போர்ட்டில் இருந்த சொல்: அழற்சி.
அதற்குள் அழல் இருக்கிறது.
நெருப்போடு இருபது வருஷம் நிற்கிறவன் நான்,
விறகை இழுத்தால் தணியும், தெரியும்.
இதில் எந்த விறகை இழுப்பது?
நரம்புக்கு மேலே ஓர் உறை, ஒயருக்கு இருப்பதுபோல;
அதை உடம்பின் காவல்காரனே கடிக்கிறான் என்றார்.
ஏன் சார்?
தெரியவில்லை என்றார்.
தெரியவில்லை என்று சொன்ன டாக்டரை
அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுச் சீட்டை டயட் மேடம் எழுதினார்.
டால்டா, பாமாயில், கொழுப்போடு கறி, க்ரீம் பிஸ்கட்
எல்லாம் கோட்டுக்கு இடப்பக்கம்.
ராத்திரி ஒரு மணிக்கு நான் கொண்டுவந்த பொட்டலங்கள் அத்தனையும்
அந்தப் பக்கம்தான் நின்றன.
வாழையிலை பிரித்த சத்தத்துக்கு எழுந்து
கண் திறக்காமலே இரண்டு பரோட்டா தின்றுவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொள்ளும் பிள்ளை.

நானா கொடுத்தேன், சார், இதை?

பேனாவை மூடி வைத்தார்.
"இல்லை. இது யாரும் ஊட்டி வருவதில்லை.
கெட்ட கொழுப்பு கூடினால் திரும்பத் தாக்குவது கூடலாம்.
காய்கறி அதைக் குறைக்கலாம்.
பிள்ளைகளிடம் அப்படிச் சிலர் பார்த்திருக்கிறார்கள், உறுதியில்லை.
மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்."

கூடலாம். குறைக்கலாம்.
இரண்டு 'லாம்'களைக் கையில் பிடித்துக்கொண்டு
ஜெய்ஹிந்த்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

கல்லைக் கழுவிவிட்டு நாலு மணிக்கு மாட்டுத்தாவணி போகிறேன்.
மணத்தக்காளி, முருங்கை, பொன்னாங்கண்ணி.
"கண்ணுக்கு நல்லதுண்ணே" என்கிறாள் கட்டு விற்கிற பொண்ணு.
எந்தக் கண்ணுக்கு என்று நான் சொல்லவில்லை.
மேலூர் மச்சான் ஒரு சூரணம் கொண்டுவந்து
ஊசியை நிறுத்து என்றார்.
டப்பாவை மட்டும் வாங்கி வைத்தேன். இப்போது அதில் வெந்தயம்.

பங்குனி வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வருகையில்
ரோடே மங்குது என்பாள்.
ஈரத்துண்டு, ஃபேன், கால் மணி நேரம்; திரும்பிவிடும்.
ஆடியில் வந்தது திரும்பவில்லை.
இடது கால் செருப்பு கழன்றது தெரியாமல்
கடைக்குப் போய்வந்திருக்கிறாள்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்.
அந்த மருந்து பசியைக் கிளப்பிவிடும்.
"எல்லாத்தையும் தின்னேன்ல? அந்தப் புல்லக்கூட?"
தின்ன, தங்கம்.
"அப்பறம் ஏன்?"

தெரியல என்றேன்.
அந்த டாக்டரை அப்போதுதான் பிடித்தது.

நேரே வேலையிலிருந்து வந்திருந்தேன், குளிக்கவில்லை.
எழுந்து தள்ளி உட்காரப் போனேன்.
"போகாத. உன் சட்டையில சால்னா வாசம் அடிக்குது.
கொஞ்ச நேரம் இங்கயே இரு."

இருந்தேன்.
டிரிப் முடிகிறவரை என்னை மோந்துகொண்டிருந்தாள்
என் பிள்ளை.

இப்போது கால் முக்கால்வாசி வந்துவிட்டது.
கீரையை நிறுத்தவில்லை. ஊசியும் போடுகிறோம்.
எது எதைச் செய்ததென்று
நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மூடி வைத்திருக்கிறாள்.
பல் விளக்குமுன் ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பாள்.
இன்னைக்கு செங்கல், என்பாள்.
இன்னைக்கு தக்காளி.
நேற்று அதை என்னிடம் நீட்டினாள்.
"உனக்கு?"
சிவப்பு, என்றேன்.
"எவ்வளவு சிவப்பு?"

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.