கதவுக் கண்ணாடியின் சூடு

ஹம்டன் ஒழுங்கை, ஏழாம் மாடி.
வீட்டுக்காரர் சிட்னியில்.
அவர் விட்டுப்போனவற்றில் விலை கூடினது இது:
குசினி அலுமாரிக்குள் மட்டமாய்ப் பதித்த அடுப்பு.
மைக்ரோவேவும் அதுதான், கிறிலும் அதுதான்,
கேக் சுடுகிற அவணும் அதுதான்.
கையேடு பதினாலு மொழியில்.
பின்லாந்துக்காரன் கை சுடாமல் தப்புவான்.
எங்களுக்கு ஒரு வரியும் இல்லை.

ஸிஹானாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரவு வேலை.
எனக்குக் காப்புறுதிக் கம்பனியில் பகல்.
முகம் பார்ப்பது போயா நாளில்.
மிச்சக் கதையெல்லாம்
அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிய மஞ்சள் துண்டுகளில்.

முதலாவது என்னுடையது:
“தங்கக் கரை போட்ட கோப்பையை உள்ளே வைக்காதேயும்.
நேற்று மின்னல் அடித்தது.”
பச்சைப் பேனையில் பதில்:
“கோப்பை ஒங்கட. கழுவி வெச்சது மட்டும் நான்.”

பிறகு அந்தச் செவ்வாய், விடியப்புறம்.
பொத்தான்களில் எழுத்தில்லை, படம்தான்:
மூன்று அலை, ஒரு பல்லுக்கோடு, ஒரு காற்றாடி.
நித்திரைக் கண்ணுக்கு எல்லாம் ஒன்று.
பருப்பை ஐஸ்கிறீம் டப்பாவோடு வைத்துப்
பல்லுக்கோட்டை அமத்திவிட்டேன்.
டப்பா முதலில் குனிந்தது.
பிறகு படுத்தது.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கறுப்புப் புகை.
கதவைத் திறக்கத்தான் கை போனது.
வாசலில், செருப்பும் கழற்றாமல், ஸிஹானா:
“தொறக்காதீங்க! காத்துப் பட்டாப் பத்தும்.”
அரிசி வாளிக்குப் பின்னால் சுவிட்ச்.
பாய்ந்து அணைத்தாள்.

நிலத்தில் குந்தி இரண்டு பேரும்
அந்தச் சின்னச் சதுரத்தை
ரீவி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கடற்கரை ரயில் ஒன்று போனது.
ஒன்று வந்தது.
அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை.

ஆய்வுகூடத்தில் அகார் காய்ச்சுவதும்
இப்படியொரு பெட்டியில்தானாம்.
“கொதிச்சதாக் காட்டாது. சும்மா நிக்கும்.
அசைச்சா மூஞ்சிக்கு வரும்.
வெறும் தண்ணியும் அப்பிடித்தான்.
உள்ள ஒரு மரக்கரண்டி போட்டு வைங்க,
நின்ட பொறகு கொஞ்ச நேரம் தொடாம விடுங்க.”
அதே குரலில்,
போன மாதம் தன் கலியாணம் நின்றதையும் சொன்னாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் தொடாமல் விட்டேன்.

உருகினதைச் சுரண்ட மூன்று நாள் போனது.
இப்போது அலுமாரிக் கதவின் உட்பக்கம்
எங்கள் கையேடு, ஒற்றைத் தாள்.
என் எழுத்து, அவளுடைய பச்சைத் திருத்தம்.
வெறுமையாய் ஓட விடக்கூடாது.
முழு முட்டை வைக்கக்கூடாது.
(பச்சையில்: “வெச்சுப் பாத்தேன். உண்மை.”)
காற்றுப்போகும் இடைவெளியில்
கறன்ட் பில்லைச் செருகக்கூடாது.
இது எனக்கு.

கறன்ட் போய் வந்தால்
நேரம் சொல்லும்வரை அது எதற்கும் மசியாது.
பூச்சியம் பூச்சியம் என்று கண்ணடித்தபடி நிற்கும்.
வீட்டில் நிற்கிறவள் நேரம் சொல்லவேண்டும்.
அவள் சொன்னால் ஏழு நிமிடம் முந்தும்.
அதை நான் திருத்துவதில்லை.

இன்று ஐந்து மணி.
அவளுடைய அறைக்கதவு சாத்தியிருக்கிறது.
புறங்கையைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோகிறேன்.
மைக்ரோவேவ் என்றால் சோறு சுடும்,
சுவர் தன்பாட்டில் குளிர்ந்திருக்கும்.
கிறில் என்றால்
கதவு, கம்பி, சுவர், எல்லாமே சுடும்,
போனவள் போன பிறகும்.
இன்று சுடுகிறது.

உள்ளே கம்பித்தட்டில்
சீஸ் உருகிய பாண், ஒரு துண்டு.
மஞ்சள் தாளில் பச்சை மை:
“கம்பி சுடும். கையுறை போட்டு எடுங்க.
மத்தத் துண்டு நான் திண்டுட்டேன்.”

காற்றாடி இன்னும் சுற்றுகிறது.
அதை நிற்பாட்டக் கூடாது;
ஆறினால் தானாய் நிற்கும்.
எல்லாம் சரி.
கையுறையை எங்கே வைத்தாள் என்றுதான்
எழுத மறந்துவிட்டாள்.